பந்துக்கு ஒரு வாட்டம்

எங்கள் கொத்தனார் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். முதல் நாள் நான் தாகத்துக்கென்று நினைத்து, வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரை எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து நீட்டினேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்று வாங்கியவர், அதை அப்படியே குளியலறைத் தரையில் ஊற்றிவிட்டார். ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சாவகாசமாகப் புறப்பட்டு, நிலைப்படியைத் தாண்டி, ஹாலில் கீழே கிடந்த என் கணவரின் செய்தித்தாளை நனைத்தது.

"யாரும்மா போட்ட தரை இது?"

"உங்களை மாதிரி ஒரு கொத்தனார்தான்."

"என்னை மாதிரி இல்லீங்க" என்றார், கோபமே இல்லாமல். "தண்ணி எங்க போவும்னு கேக்காதவன் கொத்தனாரே இல்லீங்கம்மா."

நான் முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் பிறர் எழுதிய குறிப்புகளில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். என்னிடமே ஒருவர் இப்படித் திருத்திப் பேசினால் எனக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டு நாளில் அவர் தரையைப் பெயர்த்துப் போட்டுக் கொடுத்த பிறகு, ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாலும் மறுபேச்சில்லாமல் மூலைச் சாக்கடை வாய்க்குள் போய் இறங்கியது.

தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்த்துப் போடுவதற்குக் கொத்தனார்கள் பாஷையில் வாட்டம் என்று பேர். 'முகம் ஏன் வாட்டமா இருக்கு' என்று கேட்கிறோமே, அது வேறு வாட்டம். எங்கள் கொத்தனாருக்கு இந்த இரண்டாவது வாட்டம் இருந்து நான் பார்த்ததில்லை. முதலாவது அவருக்கு உயிர். சட்டைப் பையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோலிக்குண்டு வைத்திருப்பார். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைவிட அதன்மேல்தான் அவருக்கு நம்பிக்கை. தரையில் அதை விட்டுவிட்டு, அது உருண்டு போய்ச் சாக்கடை வாயில் 'டக்' என்று விழுந்தால்தான் கையைக் கழுவுவார்.

அவருடைய பேரை எங்கள் தெருவில் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எல்லாருடைய போனிலும் அவர் 'கொத்தனார்'தான். இங்கே சொல்லப்போகிறதெல்லாம் நடந்து முடிந்து வெகுநாள் கழித்து, போன தீபாவளிக்கு அந்த எண்ணைக் கூப்பிட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்து, ராங் நம்பர் என்று சொல்லிவிட்டாள். வையம்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம் என்று மட்டும் தெரியும். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரே ஒரு நாளைத் தவிர மட்டம் போட்டதில்லை.

"உங்க ஊர்ல தண்ணியே கிடையாதே, உங்களுக்கு எப்படி இந்தப் பைத்தியம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அதுதாம்மா. எங்க ஊர்ல தண்ணி எங்கேருந்து வரும்னு பாத்துக்கிட்டு இருப்போம். இங்க வந்தா ரெண்டு பக்கமும் ஆறு. எங்க போவும்னு ஒருத்தனாவது பாக்க வேணாமா?"

உண்மைதான். உறையூரிலிருந்து நாங்கள் குடிவந்த இடம் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம், நெல் வயலை மனை போட்டு விற்ற இடம். மண் சுத்தமான களிமண். மழைக்காலத்தில் கொல்லையில் கால் வைத்தால் கால் வரும், செருப்பு வராது. சித்திரையில் வெடிப்பு விட்டுக் கிடக்கும். என் கரண்டி ஒன்று அதில் விழுந்து போனது போனதுதான். கொத்தனாருக்கு அந்தக் களிமண்மேல் ஒரு மரியாதை இருந்தது. "இது தண்ணியக் குடிக்காதுங்கம்மா. வாயில வெச்சுக்கிட்டு ஒக்காந்துக்கும்" என்பார்.

அவரோடு எங்கேயும் போக முடியாது. உறையூரில் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு அவரையும் அழைத்திருந்தேன். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரசம் வந்தது. அவர் தன் சோற்றைக்கூடத் தொடாமல், என் இலையில் என் பக்கத்து விளிம்பைத் தூக்கி அடியில் ஒரு அப்பளத்துண்டைச் சட்டென்று செருகினார்.

"என்ன பண்றீங்க?"

"ஒங்க பக்கம் வாட்டமா இருந்துச்சும்மா. பட்டுப்பொடவை."

ரசம் கீழ்ப்படிதலோடு மறுபக்கம் திரும்பி ஓடி, பரிமாறிக்கொண்டிருந்தவர் காலில் விழுந்தது. அந்த மனிதர் எங்கள் வரிசைக்கு அதற்கப்புறம் பாயசமே கொண்டுவரவில்லை.

ஒரு வருஷம் ஆடியில் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது ஊரே பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இவரும் நின்றார். அரைமணி நேரம் கழித்துத் தலையை ஆட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மேக்கேருந்து கெழக்க ஒரே வாட்டம்மா. எங்கியாவது தேங்குதா பாருங்க. எந்தக் கொத்தனாரு போட்டதோ." கையெடுத்துக் கும்பிட்டார். அரங்கனுக்கா, அந்தக் கொத்தனாருக்கா என்று நான் கேட்கவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது.

வலது கையும் வலது காலும். பேச்சு போகவில்லை, ஆனால் பேசுவதை அவரே நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொல்லைப்பக்கத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். வாரம் மூன்று நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஆன்ட்டி, இப்ப இருக்கிற மாசங்கள்தான் முக்கியம். நடக்கணும், கையை யூஸ் பண்ணணும். அங்கிள் எதுக்குமே எழுந்திருக்க மாட்டேங்கிறார். இப்படியே உட்கார்ந்துட்டா அப்புறம் கஷ்டம்." நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "பாக்கலாம்."

பெங்களூரில் இருக்கும் என் மகன்தான் யோசனை சொன்னான். என் கணவர் மலேசியாவில் வேலை பார்த்த காலத்தில் கோல்ஃப் கற்றுக்கொண்டவர். பெரிய ஆட்டக்காரரெல்லாம் இல்லை. பாதி நாள் பந்தைத் தேடுவதுதான் ஆட்டம். ஆனால் கடைசியில், குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டி உள்ளே தள்ளுகிற கட்டம் மட்டும் அவருக்கு உயிர். அதற்கென்று வழவழவென்று ஒரு புல்தரை இருக்குமாம். "கொல்லையிலயே அப்படி ஒண்ணு போட்டுரலாம்மா. செயற்கைப் புல்லு நான் அனுப்பறேன். அடித்தளம் மட்டும் நல்லா போடணும், களிமண்ணு இல்லையா?" என்றான்.

களிமண் என்றதும் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? கூப்பிட்டேன்.

கொத்தனார் வந்தார், சொம்புத் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினார், உட்கார்ந்து பார்த்தார். நான் எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். பச்சைத் தரை, நடுவில் சின்னதாக ஒரு குழி, நாலு இஞ்சு அகலம், தட்டினால் பந்து உருண்டு குழிக்குள் போக வேண்டும்.

"பந்து குழிக்குள்ள போவணும். அவ்ளோதானேம்மா?"

"அவ்வளவுதான்."

"அது நம்ம வேலைதாங்க" என்றார் நிம்மதியாக. என்னமோ கோல்ஃப் என்றீர்களே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

இந்த இடத்தில் நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முப்பது வருஷம் தப்புக் கண்டுபிடித்தவளுக்கு வேண்டிய இடத்தில் கண் அவிந்துவிட்டது.

ஒரு அடி ஆழத்துக்குக் களிமண்ணைத் தோண்டி எடுத்தார். பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு வாரம் இருந்தது. தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து அள்ளிப் போனார்கள். அந்த வருஷம் எங்கள் தெருப் பிள்ளையார்கள் அத்தனை பேரும் எங்கள் கொல்லையில் பிறந்தவர்கள். பிறகு ஜல்லி கொட்டி இடித்து, மேலே கிரஷர் பவுடர் என்கிற கல்தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, புல்விரிப்பை ஒட்டிக் கொடுத்தார். மாங்காய் வடிவத்தில் பச்சைப் பசேலென்று இருந்தது. குழிக்கு நாலு இஞ்சு பைப் புதைத்து, நாலு விரல் ஆழத்தில் பந்து நிற்க ஒரு சல்லடையும் வைத்தார். கடைசியில் கோலிக்குண்டை எடுத்தார். விட்டார். 'டக்.' கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து என் கணவரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். கையில் மகன் அனுப்பிய மட்டை. அவருக்கு இஷ்டமே இல்லை. எங்கள் தொல்லை தீரட்டும் என்று ஒரு தட்டுத் தட்டினார். கை நடுங்கி, பந்து குழிக்குச் சம்பந்தமில்லாத திசையில் புறப்பட்டது. கொஞ்ச தூரம் போய் யோசித்தது. அப்புறம் மெதுவாக வளைந்து வந்து குழிக்குள் விழுந்தது.

நாங்கள் கைதட்டினோம். அவர் பந்தைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். "இன்னொண்ணு குடு" என்றார். இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது.

இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும். அன்று அடித்த ஒன்பதும் விழுந்தன. அவர் உள்ளே போனதும் நான் ஒரு பந்தை எடுத்து, மூலையில் நின்று, செருப்புக்காலால் எத்தினேன். விழுந்தது. மறு மூலையிலிருந்து முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னால் எறிந்தேன். அதுவும் விழுந்தது. உடனே கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

"என்ன கொத்தனாரே, எங்கேருந்து போட்டாலும் குழியிலயே விழுது?"

"ஆமாங்கம்மா. நாலு பக்கமும் வாட்டம் குடுத்திருக்கேன்ல. குழிக்கு அடியில பைப்பு போட்டு பின்னாடி சாக்கடையில சேத்திருக்கேன். பந்தும் போவும், தண்ணியும் போவும்."

"இது ஆட்டம்யா! கஷ்டப்பட்டு அடிச்சாத்தான் விழணும்!"

"போவறதுக்கு எதுக்கும்மா கஷ்டப்படணும்?" என்றார், நிஜமாகவே புரியாமல். "நாளைக்கு வந்து மாத்தித் தரவா?"

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். என் கணவர் நாற்காலியில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் தானாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றேன். "யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அப்படியாக நாங்கள் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகளானோம். காலையில் இருபது பந்து, மாலையில் இருபது பந்து. ஒவ்வொன்றையும் எடுக்க அவர் குனிந்தாக வேண்டும். இரண்டு பக்கம் பிடித்தது ஒரு பக்கமாகி, அப்புறம் கைத்தடியானது. நான் ஒவ்வொரு பந்துக்கும் தட்டினேன். கொத்தனார் பக்கத்து வீட்டில் மாடி வேலைக்கு வந்தால் மதில்மேல் தலையை நீட்டி அவரும் தட்டுவார். என் கணவர் பழையபடி என்னைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தார். மலேசியாவில் இப்படி ஆடியிருந்தால் கம்பெனியே கோப்பை கொடுத்திருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அன்றைக்கு மத்தியானம் அவர் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோனேன். கொல்லையில் விழுந்த அத்தனை மழையும் பச்சைத் தரையில் நாலு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து, குழியைச் சுற்றி ஒரு சுழி போட்டு, கடகடவென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு தேங்கவில்லை. கொத்தனார் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். என் கணவர் நாற்பது வருஷம் இஞ்சினியராக இருந்தவர்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்றார் திரும்பாமல்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "முதல் நாள்லேர்ந்து."

"எல்லாரும் சேந்து கைதட்டியிருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் காபி வேண்டாம், சாப்பாடு வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தபோது 'பாக்கலாம்' என்றார். இரண்டரை மாதமாக நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். குழந்தைக்கு விட்டுக்கொடுத்து ஆடுவதுபோல அவரோடு ஆடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது, அவருக்காகவும் எனக்காகவும்.

காலையில் அவரே கூப்பிட்டார். "கொத்தனாரை வரச்சொல்லு."

கொத்தனார் வந்து, வழக்கம்போலச் சொம்பு கேட்க வாயெடுத்து, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இந்த வாட்டத்தை எடுத்துருங்க" என்றார் என் கணவர்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். என் கணவருக்கு வேறு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்போல. "எடுத்துட்டாத் தண்ணி நிக்குங்க சார். களிமண்ணு."

"நிக்கட்டும். எனக்கு மேடு வேணும், பள்ளம் வேணும். அடிச்சா பந்து தப்பிப் போகணும். குழிக்குள்ள சும்மா விழக்கூடாது."

"சும்மா விழக்கூடாது" என்று கொத்தனார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வாழ்நாளில் போட்ட வாட்டத்தை அவர் எடுத்ததில்லை. பச்சைத் தரை ஓரத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுந்து, "ஒரு நாள் டயம் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு மாடி வேலையையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மட்டும்தான் அவர் மட்டம் போட்டு நான் பார்த்தது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"சார், மேல ஒங்க இஷ்டம். மேடோ பள்ளமோ, எப்படி வேணா வெச்சுக்குங்க. அடியில களிமண்ணுல மட்டும் நான் வாட்டம் குடுத்துக்கறேன். புல்லுல ஓட்டை இருக்கு, ஜல்லி வழியா எறங்கிரும், எறங்குனத நான் ஓரமா கூட்டிட்டுப் போயிருவேன். ஒங்க பந்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல."

என் கணவர் சிரித்தார். மழை விட்டு மண் காயட்டும் என்றார் கொத்தனார். பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் என் கணவர் காலண்டர் தாளின் பின்பக்கம், நடுங்குகிற வலது கையால், மேடும் பள்ளமும் வரைந்து தள்ளினார். வேலை நடந்த நாலு நாளும் பக்கத்திலேயே நின்றார்.

"இங்க ஒரு இஞ்சு ஏத்துங்க."

"ஒரு இஞ்சு ஏத்துனா பந்து எப்படி சார் போவும்?"

"போகக்கூடாதுன்னுதான் ஏத்தச் சொல்றேன்."

"மனசு வரலைங்க சார். அர இஞ்சு வெச்சுக்கலாம்."

"ஒரு இஞ்சு."

காய்கறிக் கடையில்கூட நான் இப்படிப் பேரம் கேட்டதில்லை. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வேலையை முடித்தார்கள்.

முதல் பந்துக்கு நானும் கொத்தனாரும் பக்கத்தில் நின்றோம். என் கணவர் கைத்தடியை மதிலில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து, ரொம்ப நேரம் குறி பார்த்து அடித்தார். பந்து நேராகத்தான் போனது. மேட்டில் ஏறியது, சறுக்கியது, குழிக்கு ஒரு முழம் தள்ளி ஓரத்தில் போய் நின்றுவிட்டது.

"போகல!" என்று கத்தினார் என் கணவர். "போகல பாரு!" அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

கொத்தனாருக்கு அது சந்தோஷமாகவே கேட்கவில்லை. முகம் செத்துப் போய், பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு ஓடினார். "நான் அப்பவே சொன்னேன்ல சார். இந்தாங்க, ரெண்டே நிமிசம். இந்த எடத்துல லேசா ஒரு வாட்டம் குடுத்தா தானா போயிரும்."

"தொடாதீங்க" என்றார் என் கணவர். "அது போகலன்னா என்னங்க, நான் போறேன்."

கைத்தடி மதிலிலேயே இருந்தது. அவர் பச்சைத் தரைமேல் வலது காலை எடுத்து வைத்தார். அப்புறம் இடது காலை. மேட்டில் ஒரு கணம் தள்ளாடி, நின்று, நேராகி, பந்து கிடந்த ஓரம்வரை நடந்து போனார்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் கைதட்டவில்லை.